புல் நிறத்தில் வந்த நாய்கள்

தாழம்பள்ளக் காட்டில் மூங்கிலான் என்று ஒரு கிழட்டுக் கடமான் இருந்தது. அதற்குப் பின்னங்கால் ஒன்று ஊனம். பத்தடி நடந்தால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பங்குனி வந்து குளம் வற்றிவிட்டால், குளத்தின் நடுவில் இருக்கும் ஊற்று ஒன்றுதான் எல்லோருக்கும் தண்ணீர். விடிந்ததும் முதலில் மூங்கிலான் மட்டும் ஊற்றுக்கு இறங்கும். "கட்டையன், சுழியன், ஒற்றைச்செவியன், தாழையான்" என்று நான்கு பெயர்களைச் சொல்லும். வயிறு நிறையக் குடித்துவிட்டு மேலே ஏறும். அதன் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். இறங்கினால் ஒரே தள்ளுமுள்ளுதான். கால் ஊனமான கிழட்டு மான் அந்த நெரிசலில் நுழைந்தால் மிதிபட்டே செத்துப்போகும்.

அந்த முதல் தண்ணீர் அதற்குச் சும்மா கிடைக்கவில்லை. பன்னிரண்டு கோடைக்கு முன்னால் தெற்கு மலையிலிருந்து ஒரு செந்நாய்க் கூட்டம் இறங்கியது. காடே ஆற்றைக் கடந்து ஓடியது. குட்டிகளும் சினைமான்களும் அக்கரை போய்ச் சேரும்வரை ஐந்து கடமான்கள் ஆற்றின் நடுவில் நின்று நாய்களை மறித்தன. இரண்டு பகலும் இரண்டு இரவும் நின்றன. நான்கு அங்கேயே விழுந்தன. ஐந்தாவது மூங்கிலான். நாய்கள் அலுத்துப்போய் மலைக்குத் திரும்பின. அதற்குப் பிறகு வரவேயில்லை.

அன்று பிழைத்த பெரியவர்கள் கூடித்தான் அந்த வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். அவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. இருப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

ஒருநாள் காலை மூங்கிலான் தண்ணீர் குடித்துவிட்டு ஏறியபோது, இலந்தை என்ற புள்ளிமான் அதனிடம் வந்தது. அப்போதுதான் முதல் குட்டி போட்டிருந்தது. செந்நாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் குட்டிக்குச் சொல்லி வைக்கலாமே என்று கேட்டது.

"புல் நிறம்தான் அம்மா" என்றது மூங்கிலான். "அதுதான் பெரிய ஆபத்து. பத்தடிக்குள் வந்த பிறகும், புல்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். காற்றே இல்லையே என்று தோன்றியபோது ஒற்றைச்செவியன் தொடையில் பல் இறங்கிவிட்டது. கண்ணை நம்பாதே. மூக்கை நம்பு."

"பயமாக இருந்ததா பெரியப்பா?"

"முதல் நாள் அழுதேன்."

மேலே கிளையில் உட்கார்ந்திருந்த பவழமூக்கி என்ற கிளி இதைக் கேட்டது. அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் காட்டில் பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது பவழமூக்கிதான். அதன் அம்மா, நாய்கள் வந்த அன்று ஆற்றங்கரை மருதமரத்தின் உச்சியிலிருந்து எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள். பார்த்ததைப் பாட்டாகக் கட்டியவள். செந்நாய் தீ மாதிரி சிவந்திருக்கும் என்பது அந்தப் பாட்டில் இருக்கிறது. இந்தக் கிழவரோ புல் நிறம் என்கிறார். செந்நாயைக் கண்ணால் பார்த்த எவனாவது அப்படிச் சொல்வானா? அப்படியானால் பன்னிரண்டு வருஷமாக இவர் குடித்த முதல் தண்ணீர்?

கிளிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அதன் கோபத்தில் கள்ளம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அது போய்ச் சொன்ன இடம் சரியில்லை. குரங்குக் கூட்டத்தின் தலைவன் கொப்பனிடம் போய்ச் சொன்னது. கொப்பனின் கூட்டத்தில் நாற்பது வாய். முதல் தண்ணீர்மேல் அதற்கு வெகுநாளாக ஒரு கண். "அப்படியா சேதி!" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே காட்டெருது கொம்பையாவிடம் போய்ச் சபையைக் கூட்டச் சொன்னது. கொம்பையாதான் அந்தக் காட்டுக்கு நடுவர்.

புரசமரம் பூத்துச் சொரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அதன் அடியில் சபை கூடியது. மூங்கிலானை நடுவில் நிறுத்தினார்கள். உட்காரக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

கிளி தான் கேட்டதைச் சொன்னது. அப்படிச் சொன்னது உண்டா என்று கொம்பையா கேட்டது. உண்டு என்றது மூங்கிலான்.

கொப்பன் கிளையிலிருந்து தொங்கிக்கொண்டே கேட்டது: "ஏன் பெரியவரே, பேரிலேயே சிவப்பு இருக்கிறதே! எதிரியின் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமலா சண்டைக்குப் போனீர்?"

"எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஏன் அந்தப் பேர் வந்தது என்று எனக்குத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய சண்டை போட்டவருக்குக் கொம்பில் ஒரு கீறல்கூடக் காணோமே என்று கேட்டது கொப்பன். அந்தக் கொம்பு அந்த வருஷமே உதிர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றாக முளைத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று மூங்கிலான் பதில் சொன்னது. கடமானுக்குக் கொம்பு உதிரும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கால் ஊனத்தைக் காட்டியபோது, பள்ளத்தில் விழுந்தாலும் கால் ஒடியும் என்று ஒரு குட்டிக்குரங்கு கத்தியது.

"உதிர்ந்த கொம்பு, செத்துப்போன சாட்சி, அழுத வீரன்" என்று விரல் விட்டு எண்ணியது கொப்பன். "நல்ல கதை. தண்ணீர் குடிப்பதற்குப் போதுமான கதை."

அப்போது கிளி சபையைப் பார்த்துக் கேட்டது: "நீங்களே சொல்லுங்கள். செந்நாய் என்ன நிறம்?"

"சிவப்பு" என்றது காட்டுப்பன்றி. "சிவப்பு" என்றது முயல். புள்ளிமான்கள் கூட்டமாகத் தலையாட்டின. இலந்தையும் ஆட்டியது. செந்நாயைப் பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பார்த்தவர் ஒருவரைத்தான் நடுவில் நிற்க வைத்திருந்தார்கள்.

கொம்பையாவுக்கு மனசு அரித்தது. அன்று அது பால்குடிக் கன்று. அக்கரை மேட்டுக்காட்டில் தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்திருந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவர் அப்படிச் சொன்னால் மரியாதை என்ன ஆவது? வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. கொம்பையா கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது. முதல் தண்ணீர் ரத்து. அந்த நான்கு பெயர்களையும் இனிமேல் ஊற்றில் சொல்லக் கூடாது. உண்மையைக் கண்டுபிடிக்க உதவியதால் முதல் தண்ணீர் இனிக் கொப்பனின் கூட்டத்துக்கு.

மூங்கிலான் அப்போதுதான் தலையை நிமிர்த்தியது.

"தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை எடுக்காதீர்கள்."

"எந்தப் பெயரை?" என்றது கொப்பன். "அப்படி நாலு பேர் இருந்தார்கள் என்பதே நீர் சொல்லித்தானே எங்களுக்குத் தெரியும்?"

மூங்கிலான் திரும்பி வடக்கே நடந்தது. நல்ல காலுள்ள மானுக்கு அந்த ஆற்றங்கரை அரைநாள் தூரம். மூங்கிலானுக்கு இரண்டு நாள் ஆயிற்று. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. உயிரோடு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அந்தக் காட்டிலிருந்து ஒருவரும் பின்னால் போகவில்லை.

மறுநாள் முதல் குரங்குகள் ஊற்றில் இறங்கின. பெயர் எதுவும் சொல்லவில்லை. குடித்தன, குளித்தன, கலக்கின. மற்றவர்கள் சேற்றைக் குடித்தார்கள்.

ஐந்தாம் நாள், இலந்தை புரசமரத்தடியில் உதிர்ந்த பூக்களைத் தின்றுகொண்டிருந்தது. மரத்தில் பவழமூக்கி இருந்தது. இலந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே தின்றது. கிளிக்கு அது பொறுக்கவில்லை.

"என்மேல் எதற்குக் கோபம்? உன் குட்டிக்கு நாளைக்கு யாராவது தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் உனக்குச் சம்மதமா? செந்நாய் எந்த நிறம் என்று நன்றாகக் காட்டிக்கொடு. இதோ, நீ தின்கிறாயே, இந்தப் பூவின் நிறம்."

இலந்தை வாயில் இருந்த பூவைக் கீழே போட்டுப் பார்த்தது.

"இதுவா? இது புல் நிறம்தானே அக்கா?"

கேலி செய்கிறது என்று நினைத்தது கிளி. ஆனால் இலந்தையின் முகத்தில் கேலி இல்லை. கிளி கீழே இறங்கியது. ஒரு பூவையும் ஒரு பச்சை இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டது.

"வாசனை வேறே" என்றது இலந்தை.

"நிறம்?"

"நிறத்தில் என்ன? இரண்டும் காய்ந்த புல் மாதிரிதான்."

கிளி தலையைச் சாய்த்து மூக்கை முன்னால் நீட்டியது. பிறகு மெதுவாகக் கேட்டது: "என் மூக்கு?"

"அதுவும்தான் அக்கா."

பிறந்ததிலிருந்து அந்த மூக்கைக் காட்டித்தான் பவழமூக்கி காட்டில் தலை நிமிர்ந்து திரிந்தது. ஆனால் அன்று அதற்கு மூக்கைப் பற்றிய வருத்தம் வரவில்லை. வேறு ஒன்று நெஞ்சைப் பிடித்தது. அப்படியானால் சபையில் ஏன் சிவப்புக்குத் தலையாட்டினாய் என்று கேட்டது.

"எல்லோரும் ஆட்டினார்கள்" என்றது இலந்தை. "சிவப்பு என்றால் இதுதான் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. ஏதோ கோபமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

கிளி பன்றியிடம் பறந்தது. முயலிடம் பறந்தது. கடைசியில் கொம்பையாவிடம் போய், தன் உடம்பில் எந்த இடம் சிவப்பு என்று கேட்டது. கொம்பையா அதை மேலும் கீழும் பார்த்தது. "வாலா?" என்றது.

தரையில் நடக்கும் ஒருவருக்கும் சிவப்பு தெரியாது. மரத்தில் இருக்கும் கிளிக்கும் குரங்குக்கும் தெரியும். ஒரே நாயை மேலே இருந்தவள் தீயாகப் பார்த்திருக்கிறாள். கீழே நின்றவர் புல்லாகப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

மறுபடி சபை கூடியது. கிளி எல்லாவற்றையும் சொன்னது. மூங்கிலானைப் பொய்யர் என்று சொன்னது தன் தப்பு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டது. கொம்பையா தலையைத் தொங்கப்போட்டது.

ஆனால் கொப்பன் தொங்கப்போடவில்லை. கையில் கிடைத்ததை விட அதற்கு மனசு வருமா?

"நிறம் போகட்டும்" என்றது. "புல் நிறம் என்று சொன்னவரெல்லாம் ஆற்றில் நின்றவர் ஆகிவிடுவாரா? உன் அம்மா பாட்டு இருக்கிறதே, நேரில் பார்த்துக் கட்டிய பாட்டு. அதில் கடமான் வருகிறதா? பாடு, கேட்போம்."

கிளி பாடியது.

*மலையிறங்கி வந்த தீ,*
*வாலுள்ள தீ, பல்லுள்ள தீ,*
*ஆற்று நடுவே ஐந்து பாறை,*
*அங்கே முட்டி அவிந்த தீ.*

"தீ வருகிறது, ஆறு வருகிறது, பாறைகூட வருகிறது" என்றது கொப்பன். "கடமான் எங்கே?"

இலந்தையைத் தவிர, போன தடவை ஆடிய தலைகள் எல்லாம் மறுபடி ஆடின. சிவப்பு என்றால் ஆடும், பாறை என்றால் ஆடும். எதற்கு ஆடுகிறோம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க அந்தத் தலைகளுக்கு நேரம் இல்லை. வெட்கம்கூட இல்லை.

"நீங்கள் யாராவது அந்த ஆற்றைப் போய்ப் பார்த்தீர்களா?" என்று கத்தியது இலந்தை. "அவரை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டீர்களே, தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா?"

 பவழமூக்கி மட்டும் எழுந்து வடக்கே பறந்தது.

ஆற்றங்கரைக்கு வந்ததும் அந்தப் பழைய மருதமரத்தின் உச்சியில் உட்கார்ந்தது. அம்மா உட்கார்ந்த அதே இடம். கீழே பார்த்தது. மணல், மெதுவாக ஓடும் தண்ணீர், நடுவில் கறுப்பாக ஒரு பாறை. ஐந்து பாறையில் நான்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தது.

அந்தப் பாறை ஒரு காதை அசைத்தது.

கிளி பாய்ந்து இறங்கியது. மூங்கிலான் வயிறு நனைய ஆற்றில் நின்றுகொண்டிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. கிளியைப் பார்த்ததும் இன்னும் என்ன கேள்வி பாக்கி என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பெரியவரே, இங்கே இருந்த பாறைகளெல்லாம் எங்கே?"

"இந்த ஆற்றில் ஏது பாறை? மலையிலிருந்து கடல் வரைக்கும் மணல்தான். அதனால்தான் இந்தத் துறையில் கடந்தோம். குட்டிகளுக்குக் குளம்பு வழுக்காது."

கிளி ஆற்றின் மேலேயும் கீழேயும் வெகுதூரம் பறந்து பார்த்தது. மைனா முட்டை அளவுக்குக்கூட ஒரு கல் இல்லை. திரும்பி வந்து மூங்கிலானின் கொம்பில் உட்கார்ந்தது. அம்மாவின் பாட்டைச் சொன்னது. அவ்வளவு உயரத்திலிருந்து அம்மா பார்த்தது பாறை அல்ல என்றும் சொன்னது.

மூங்கிலான் குனிந்து தண்ணீருக்குள் தன் கால்களைப் பார்த்தது.

"பாறையா?" என்றது. "நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது போலிருக்கிறது."

கிளி அன்று மாலையே காட்டுக்குத் திரும்பிச் சபையில் சொன்னது. நம்பாதவர்கள் இந்தத் தடவையாவது நடந்து போய்ப் பார்க்கட்டும் என்றது. கொம்பையா தானே நடந்து போய்ப் பார்த்தது. இலந்தையும் கூடப் போனது. கொம்பையா மணலைக் குளம்பால் கிளறிப் பார்த்தது. தீர்ப்பு தப்பு என்று அங்கேயே மூங்கிலானிடம் சொன்னது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அணைத்தாற்போல் நடந்து மூங்கிலானைக் கூட்டி வந்தார்கள்.

பத்தாம் நாள் விடிந்தது. ஊற்றைச் சுற்றிக் காடே நின்றது. குரங்குகள் ஒதுங்கி நின்றன. "நாங்கள் என்ன சந்தேகமா பட்டோம்? விசாரித்தோம், அவ்வளவுதானே" என்று கொப்பன் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கொம்பையா எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்பதற்காக முன்னால் வந்து கனைத்தது.

"மன்னிப்பு அப்புறம் ஆகட்டும்" என்றது மூங்கிலான். "ஒன்பது விடியல் பெயர் சொல்லாமல் போயிருக்கிறது. முதலில் அதைச் சொல்லி முடிக்கிறேன். குட்டிகளுக்குத் தாகமாக இருக்கும், அவை இறங்கிக் குடிக்கட்டும். தலையாட்டினவர்கள் நிற்கட்டும்."

குட்டிகள் இறங்கிக் குடித்தன. மூங்கிலான் ஊற்றங்கரையில் நின்று தொடங்கியது.

"கட்டையன். சுழியன். ஒற்றைச்செவியன். தாழையான்."

ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மூச்சு. நான்கு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அவசரமே இல்லை. வெயில் மரங்களுக்கு மேலே ஏறியது. பன்றிகளுக்கு நாக்கு வெளியே வந்தது. குரங்குகள் மாறி மாறிக் காலைத் தூக்கி வைத்தன. கண்ணெதிரே தண்ணீர், ஒருவருக்கும் இறங்கத் தைரியம் வரவில்லை. கொப்பன் இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் மூடிக்கொண்டது. ஒன்பது விடியலுக்கு ஒன்பது முறை, அன்றைய விடியலுக்கு ஒரு முறை. பத்தாவது முறை வந்தபோது, அப்படி நாலு பேர் இருந்தார்களா என்று கேட்டவர் உட்பட அங்கே நின்ற எல்லோருக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடம் ஆகியிருந்தன.

மூங்கிலான் குனிந்து தண்ணீர் குடித்தது.

ஆபத்தில் நின்றவன் சொல்வதைத் தன் கண்ணை வைத்தே பொய் என்று தள்ளுகிறவன், முதலில் அவன் நின்ற இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும்.